நிலப்பத்திரத்தில் முப்பாட்டனைத் தேடுதல்

புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில் உள்ள தவளக்குப்பத்தில், 1890-இல் எழுதிய ஒரு கிரயப் பத்திரம் உங்கள் கைக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிலத்தை வாங்கியவர் ‘முத்து மகன் இராமசாமி’. உங்கள் முப்பாட்டனார் பெயரும் இராமசாமிதான்; அவருடைய தந்தை பெயரும் முத்து. எனவே இவர்தாம் அவர் என்று முடிவு கட்டிவிடலாமா?

கூடாது. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது; தந்தை பெயரே அடையாளம். அத்துடன் பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவதும் நம் வழக்கம். முத்துவின் மகன் இராமசாமி, அவர் மகன் முத்து, அவர் மகன் மறுபடியும் இராமசாமி! தலைமுறைக்கு 25 ஆண்டு என்று கொண்டால், ஏறத்தாழ 50 ஆண்டுக்கு ஒரு முறை ‘முத்து மகன் இராமசாமி’ திரும்ப வந்துவிடுகிறார். ஓர் அலையின் முகடுகளில் ஒன்றை மட்டும் பார்த்து, அது எத்தனையாவது முகடு என்று சொல்ல முடியாதது போன்ற நிலை இது. முத்துவுக்கு இரண்டு பிள்ளைகள் இருந்து இருவரும் தம் மூத்த மகனுக்குத் தந்தை பெயரையே இட்டுவிட்டால், ஒரே தெருவில் ஒரே காலத்தில் இரண்டு முத்துக்கள்.

இச்சங்கடம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் முதல் மக்கள்தொகைக் கணக்கு 1790-இல்தான் எடுக்கப்பட்டது. அதிலும், 1840 வரை எடுத்த கணக்குகளிலும், குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே காணப்படும். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் வர்ஜீனியாவில் உழுத ஒரு மூதாதையைத் தேடுவோர் ஆகவே நிலப்பத்திரங்களை நாடுகின்றனர். ஓக் மரம், ஓடை, பக்கத்து நிலக்காரர் ஆகியவற்றைக் கொண்டு அங்கே எல்லை எழுதினார்கள். ஒரே பெயரில் இருவர் இருக்கலாம். ஆனால் இருவருடைய நிலத்துக்கும் அதே ஓடையும் அதே அண்டை வீட்டாரும் வாய்க்கமாட்டார்கள்.

நம் பத்திரங்களில் இதற்குச் சக்குபந்தி என்று பெயர். இதைப் படிப்பதில் சற்றுக் கவனம் வேண்டும். ‘கோவிந்தன் நிலத்துக்குக் கிழக்கு’ என்றால் கோவிந்தன் கிழக்கே இருக்கிறார் என்று பொருளன்று. அவர் நிலத்துக்குக் கிழக்கே நம் நிலம் இருக்கிறது, அதாவது கோவிந்தன் நமக்கு மேற்கே! இது பிடிபட்டபின் கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு பத்திரத்தையும் ஒரு துண்டாக வரைந்து பாருங்கள். கோவிந்தன் தம் பத்திரத்தில் ‘இராமசாமி நிலத்துக்கு மேற்கு’ என்று எழுதியிருந்தால் இரண்டு துண்டுகளும் பொருந்துகின்றன. வேறு ஆளுக்காக, வேறு ஆண்டில், வேறு நோக்கத்துடன் எழுதிய சான்று இது. ஆய்வுக்கூடத்தில் ஒரே அளவை இரண்டு வேறு முறைகளில் எடுத்துச் சரிபார்ப்பதற்கு ஒப்பாகும்.

இன்னொரு சோதனை பரப்பளவு. பாகம் பிரித்தாலும் மொத்தப் பரப்பு மாறாது. புதுச்சேரிப் பகுதியில் குழி என்பது 24 அடிக்கு 24 அடி. 100 குழி ஒரு காணி, அதாவது 57,600 சதுர அடி. பிரெஞ்சுக்காரர் கணக்கில் இது சுமார் 53 ஆர் 51 சென்டியார் (ஓர் ஆர் 100 சதுர மீட்டர், ஒரு சென்டியார் ஒரு சதுர மீட்டர்). தந்தை வாங்கியது 120 குழி. பிற்காலத்தில் ஒரு மகன் விற்றது 21 ஆர் 40 சென்டியார். இதைக் குழியாக்கினால் 40. அப்படியானால் பங்காளிகள் மூவராக இருந்திருக்கலாம். மற்ற இருவரைத் தேடவேண்டும். தமிழ்நாட்டின் வேறு சில பகுதிகளில் குழி 144 சதுர அடிதான். ஊர் தெரியாமல் பெருக்கினால் விடை நான்கு மடங்கு பிழையாகும்.

இனி, தடம் அறுபடும் இடங்கள். புதுச்சேரிப் பகுதி ஒரே நிலத்துண்டு அன்று. இடையிடையே பிரிட்டிஷ் ஆட்சியின் தென்னாற்காட்டு ஊர்கள் கிடந்தன. எல்லைக்கு அப்பால் வாங்கிய வயலின் பத்திரத்தைக் கடலூர்ப் பக்கத்துப் பதிவலுவலகங்களில்தான் தேடவேண்டும். இப்பால் உள்ளவற்றைப் பிரெஞ்சு எழுத்தர் பதிந்தனர். அவர்கள் கையில் லகரமும் ளகரமும் ஒன்றாகிவிட்டன. மேலும், 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி தம் சமூக வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் புதிதாகக் குடும்பப் பெயர் சூட்டிக்கொண்டார்கள். அவ்வழி முதலில் சென்ற பொன்னுத்தம்பிப் பிள்ளை ‘லப்போர்த்’ ஆனார். அந்தப் பதிவை விட்டுவிட்டால் ஒரு குடும்பமே காற்றில் கரைந்தது போலத் தோன்றும்.

இதெல்லாம் வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணவேண்டாம். புதுச்சேரி இந்தியாவுடன் சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16 அன்று. அங்கே பிறந்து அங்கேயே வாழ்ந்தவர்கள் விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளலாம் என்பது உடன்படிக்கை. பாட்டனார் எங்கே பிறந்தார், எந்தப் பக்கம் கையெழுத்திட்டார் என்பதைப் பொறுத்துப் பேரனின் குடியுரிமையே மாறக்கூடும்.

நிலமில்லாதவர் என்ன செய்வது? ஊரில் உழைத்தவர்களில் பெரும்பகுதியினர் பெயரில் ஒரு குழிகூட இருந்ததில்லை. பெண்கள் பெயரும் பத்திரங்களில் அருமையாகவே வரும். இவர்களுக்குப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளே துணை. குடியேற்றங்களின் பதிவேடுகளுக்கு ஒரு நகல் பிரான்சுக்கு வரவேண்டும் என்று பதினாறாம் லூயி மன்னர் 1776-இல் கட்டளையிட்டார். அந்த வழக்கத்தின் பயனாக, பிரெஞ்சிந்தியப் பதிவேடுகள் பல இன்று தென் பிரான்சில் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரக் காப்பகத்தில் உள்ளன. பழைய பிறப்புப் பதிவில் தாயின் பெயரோடு இரண்டு சாட்சிகளின் பெயர், வயது, தொழில், இருப்பிடம் ஆகியவையும் காணப்படும். சாட்சிகள் பெரும்பாலும் உறவினர் அல்லது பக்கத்து வீட்டுக்காரர். அண்ணன், தம்பி, தங்கை பதிவுகளில் அதே சாட்சிகள் மீண்டும் வருகிறார்களா என்று பாருங்கள். நிலமில்லாத குடும்பத்துக்கு அவர்களே சக்குபந்தி.