தாத்தாவின் இரண்டு ஏக்கரும் ஜமைக்காவின் தென்னையும்

சென்ற பருவத்தில் வளரும் நாடுகளின் பொருளாதாரம் பற்றிய பாடத்தில் ஆளுக்கொரு நாட்டைக் கொடுத்துக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். எனக்கு வந்தது ஜமைக்கா. அதன் பொருளாதாரத்தில் விவசாயத்தின் பங்கு என்ன என்று ஆராய வேண்டும். உசேன் போல்ட், பாப் மார்லி ஆகிய இருவரைத் தவிர அந்தக் கரீபியத் தீவைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. ஆனால் படிக்கப் படிக்க, பாகான் டத்தோவில் தாத்தா வீட்டுக்குப் பின்னால் நிற்கும் தென்னை மரங்களிடமே வந்து சேர்ந்தேன்.

கரும்பையும் வாழையையும் போல ஜமைக்காவில் தென்னையும் பலருக்குச் சோறு போட்ட பயிர். 1960களில் அங்கே ஒரு மஞ்சள் நோய் வேகமாகப் பரவியது. முதலில் குரும்பைகள் கொட்டும். பிறகு ஓலைகள் மஞ்சளாகும். சில மாதங்களில் கொண்டை விழுந்து, மரம் வெறும் கம்பமாக நிற்கும். உயரத் தென்னைகள் லட்சக்கணக்கில் அப்படிச் செத்தன. அவற்றுக்குப் பதிலாக நடப்பட்ட, நோயைத் தாங்கி நின்ற இனத்தின் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதன் பெயர் மலாயாக் குட்டை!

உடனே தாத்தாவுக்குப் போன் செய்தேன். "மஞ்சக் காய் காய்க்குமே, அந்தக் குட்டையா? அது நம்ம கிராணி வூட்டு வாசல்ல நின்ன மரமாச்சே" என்றார். அவருக்கு ஜமைக்கா எங்கே இருக்கிறது என்பது முக்கியமாகப் படவில்லை. "நீ படிக்கிற பொருளாதாரத்துல நம்ம ரெண்டு ஏக்கருக்கு என்னம்மா வழி சொல்றாங்க?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு குடும்பச் சண்டை இருக்கிறது.

தாத்தா தென்னந்தோட்டத்தில் காய் பறித்தவர். மூங்கில் கழி நுனியில் அரிவாளைக் கட்டி, கழுத்து வலிக்க அண்ணாந்து நின்று பறித்த காலத்தை இன்றும் சொல்வார். வேலையை விட்டபோது கிடைத்த சேமநிதிப் பணத்தில் இந்த இரண்டு ஏக்கரை வாங்கினார். தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த ஒருவருக்குச் சொந்த மண் என்றால் என்ன என்பதை நான் விளக்கத் தேவையில்லை. இப்போது மரங்கள் கிழடாகிவிட்டன. சுமார் நூறு மரம் நிற்கிறது, ஒவ்வொன்றும் ஆண்டுக்கு முப்பது, நாற்பது காய்தான். காய்க்கு ஒரு ரிங்கிட் என்று வைத்தாலும் ஆண்டு முழுவதற்கும் நாலாயிரம் ரிங்கிட்டைத் தாண்டாது. சித்தப்பா, எல்லாவற்றையும் வெட்டிவிட்டுச் செம்பனை நடலாம் என்கிறார்.

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. செம்பனை மூன்று ஆண்டில் காய்க்கும். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை குலை வெட்டலாம், மாதா மாதம் பணம் வரும். தென்னையில் ஒரு பறிப்புக்கும் அடுத்த பறிப்புக்கும் இடையே ஒன்றரை, இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். கடைக்கடனும் பள்ளிச் செலவும் அதுவரை காத்திருக்காது. நாடு முழுவதும் தென்னை சுருங்கிச் செம்பனை விரிந்ததற்குக் காரணம் கேட்டால், நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் எங்கள் ஊர் ஒரு பாடத்தை ஏற்கெனவே படித்திருக்கிறது. தென்னைக்கு அடியில் கொக்கோ நட்டு இரட்டை வருமானம் பார்த்த ஊர் இது. 1990-இல் மலேசியா 2 லட்சத்து 40 ஆயிரம் டன்னுக்கு மேல் கொக்கோ விளைவித்தது. பிறகு காய் துளைப்பான் புழு வந்தது, விலையும் விழுந்தது. இன்று பாகான் டத்தோவில் கொக்கோ மரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஜமைக்காவிலும் இதே கதைதான். நோயைத் தாங்கும் என்று நம்பி நட்ட குட்டைகளும், அவற்றிலிருந்து உருவாக்கிய மேபான் கலப்பினமும் 1990களின் பிற்பகுதியிலிருந்து அதே மஞ்சள் நோயில் சாகத் தொடங்கின. அதற்கு முன்பே, 1988 செப்டம்பரில் வந்த கில்பர்ட் சூறாவளி வாழைத் தோட்டங்களைத் தரைமட்டமாக்கியிருந்தது.

மாணவர்கள் மனப்பாடம் செய்யும் எண்ணுக்கு வருகிறேன். 1970-இல் நம் நாட்டு உற்பத்தியில் விவசாயத்தின் பங்கு 30 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. இன்று அது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஜமைக்காவிலும் இன்று அது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவுதான். இதைப் பார்த்ததும் "விவசாயம் முடிந்துபோன கதை" என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடலாம், நானும் முதல் வரைவில் அப்படித்தான் எழுதினேன். அந்த விழுக்காட்டில் தெரியாதது ஒன்று உண்டு. 2024 இறுதியிலும் 2025 தொடக்கத்திலும் இந்தோனேசியாவிலிருந்து வரத்து குறைந்தபோது தேங்காய் விலை எப்படி ஏறியது என்று உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். நாசி லெமாக்கும் தேங்காய்ச் சட்னியும் கோயில் அர்ச்சனையும் உள்ள நாடு, தேங்காயை வெளியிலிருந்து வாங்குகிறது. மொத்த உணவு இறக்குமதிக்கு நாம் ஓராண்டில் செலவிடுவது 70 பில்லியன் ரிங்கிட்டுக்கு மேல். தேங்காய்க்குப் பெயர்போன ஊரில் பிறந்த எனக்கு இது கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

அப்படியானால் தென்னையையே வைத்துக்கொள்ளலாமா? கிழட்டு மரங்களை வைத்துக்கொண்டு பேசிப் பயனில்லை. மலாயாக் குட்டையோடு பிலிப்பைன்ஸின் தக்னானான் உயர இனத்தைச் சேர்த்த மாத்தாக் என்ற கலப்பினம் இருக்கிறது. நல்ல பராமரிப்பில் எக்டருக்கு ஆண்டுக்கு 20,000 காய் வரை தரும் என்கிறார்கள். அந்தக் கணக்கில் இரண்டு ஏக்கருக்குப் பதினாறாயிரம். நான்கைந்து ஆண்டில் காய்க்கும், உயரமும் குறைவு, கழுத்து வலிக்காது. ஆனால் உரம், வடிகால், கன்று எல்லாவற்றுக்கும் முன்பணம் வேண்டும். காய்க்கும் வரை குடும்பம் எதைச் சாப்பிடும்? ஜமைக்காவைப் பற்றிப் படித்தபோது அங்குள்ள சிறு விவசாயிக்கும் இந்தக் கேள்விதான் வந்திருக்கும் என்று தோன்றியது. சராசரிக் கணக்கில் இது வருவதே இல்லை.

விடுமுறைக்குப் போனபோது இதையெல்லாம் தாளில் எழுதி வைத்துப் பேசினேன். சித்தப்பா பொறுமையாகக் கேட்டார். "உன் கணக்குல வண்டு இல்லையேம்மா" என்றார். உண்மைதான். வெட்டிய தென்னந்தண்டு மட்கினால் அதில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். வெளிவரும் வண்டு புதிய கன்றின் குருத்தைத் துளைத்துவிடும். கன்று தென்னையா, செம்பனையா என்று அது பார்ப்பதில்லை.

இறுதியில் ஓர் ஏக்கர் மட்டும் வெட்டி மாத்தாக் நடுவது, இடையில் வாழை வைத்து முதல் சில ஆண்டுச் செலவைப் பார்ப்பது, மற்ற ஏக்கரைப் பிறகு பேசிக்கொள்வது என்று முடிவானது. தாத்தா முழு மனதோடு தலையாட்டவில்லை. கன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். அடுத்த வாரம் தண்டுகளைத் துண்டாக்க ஆள் வருகிறது. எந்தெந்த மரம் விழ வேண்டும் என்று தாத்தாவே சுண்ணாம்பில் குறி போட்டிருக்கிறார். கொல்லைப்புறக் கிணற்றோரம் நிற்கும் மூன்றுக்கு மட்டும் குறி இல்லை.