மறுநாள் வலி

யோகாசனம் பழகத் தொடங்குகிறவர்களில் பலர் முதல் வாரத்திலேயே அதைக் கைவிட்டுவிடுவதற்குச் சோம்பலும் நேரமின்மையும் காரணங்களாகச் சொல்லப்பட்டாலும், உண்மையில் அவர்களைத் துரத்துவது பெரும்பாலும் இரண்டாம் நாள் காலையில் வந்து சேரும் உடல்வலியே என்பது என் அபிப்பிராயம். முதல் நாள் சவாசனம் முடிந்து எழும்போது தேகம் லேசாகி, மனம் தெளிந்து, இத்தனை காலம் இதை அறியாமல் இருந்துவிட்டோமே என்ற உற்சாகத்தோடு வீடு திரும்புகிறவர், மறுநாள் பின்தொடை இழுக்க, இடுப்பு விறைக்க, சட்டையை மாட்டிக்கொள்ளக் கையைத் தூக்குவதற்கும் பிரயாசைப்பட்டு, "இந்த வயதில் இதெல்லாம் நமக்கு ஒத்துவராது" என்று தீர்மானித்துவிடுகிறார். அந்தத் தீர்மானம் அவசரமானது. ஆனால் "வலித்தால்தான் உடம்பு வளையும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு மேலே போவதோ அதைக் காட்டிலும் அபாயகரமானது. வலிகளில் பொறுத்துக்கொள்ளத் தக்கதும் உண்டு, பொறுக்கவே கூடாததும் உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறியும் விவேகத்தை ஆசனத்துக்கு முன்பே கற்றுக்கொடுத்தால், கைவிட்டு ஓடுகிறவர்களும் குறைவார்கள், காயம்பட்டுக் கிடக்கிறவர்களும் குறைவார்கள்.

மறுநாள் வரும் நோவைப் புரிந்துகொள்ள, பழனி மலைக்குப் போய்வந்த அனுபவமே நம்மில் பலருக்குப் போதும். படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, வியர்வை பெருகுகிறது. இறங்கும்போதோ சிரமம் ஒன்றும் தெரிவதில்லை. ஆயினும் மறுநாள் தொடையின் முன்புறத்தைப் பிடித்துக்கொண்டு, வீட்டு வாசற்படியில் இறங்கக்கூடத் தயங்கும்படி செய்வது, மூச்சு வாங்க ஏறிய ஏற்றமன்று. சுலபமாகத் தோன்றிய அந்த இறக்கமே. ஏறும்போது தொடைச் சதை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது அதே சதை உடலின் பாரத்தைத் தாங்கியபடியே சிறுகச் சிறுக நீள்கிறது. இப்படிப் பாரத்தைச் சுமந்துகொண்டே நீளுகிற வேலைதான், பழக்கமில்லாத தசையின் இழைகளுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய சிதைவுகளை உண்டாக்குகிறது. அவற்றைச் செப்பனிடும் பொருட்டு அவ்விடத்தில் லேசான வீக்கமும் அழற்சியும் ஏற்பட்டு, நரம்பு முனைகள் சாதாரணத் தொடுதலுக்குக்கூட நோகும் நிலையை அடைகின்றன. அந்தக் காரியம் முற்றுவதற்குக் காலம் பிடிப்பதால், வலியும் 12 முதல் 24 மணி நேரம் கழித்தே தலைகாட்டி, இரண்டாம் நாளிலோ மூன்றாம் நாளிலோ உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானாகவே மறைகிறது.

"சதையில் அமிலம் தேங்கிவிட்டது, அதனால் வலிக்கிறது" என்று பயிற்சிக்கூடங்களில் இன்றும் சொல்லக் கேட்கிறோம். கடும் உழைப்பின்போது உடலில் மிகும் லாக்டிக் அமிலம், ஓய்வு தொடங்கிய ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் பழைய அளவுக்குத் திரும்பிவிடுகிறது. நேற்றுக் காலையிலேயே போய்விட்ட ஒன்று இன்று மாலை எப்படி வலிக்கச் செய்யும்? 1902-ஆம் ஆண்டிலேயே தியோடர் ஹஃப் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர், களைப்பினால் அப்போதே உண்டாகும் வலி வேறு, தசைக்குள் நேரும் சிதைவினால் பிந்தி வரும் வலி வேறு என்று தம் ஆய்வுகளால் பிரித்துக் காட்டினார். நூறு வருஷங்களுக்கு மேலாகியும் பழைய எண்ணம் நம்மை விட்டுப் போகவில்லை.

ஆசனங்களிலும் இந்த இறக்கம் உண்டு. சூரிய நமஸ்காரத்தில் உடலைக் கட்டைபோல் நிறுத்தி, முழங்கைகளை மடக்கி மெதுவாகத் தரையை நோக்கித் தாழ்த்துகிறோமே, அது மார்புக்கும் புஜத்தின் பின்புறத்துக்கும் ஒரு மலையிறக்கம். வீரபத்ராசனத்தில் முன்காலை மடக்கித் தாழ்வதும், படுத்தபடி உயர்த்திய இரு கால்களையும் தடாலென்று போடாமல் நிதானமாக இறக்குவதும் அவ்வாறே. இவற்றைப் புதிதாகச் செய்தவருக்கு வலி வருவது இயல்பு. அதே பயிற்சியைச் சில நாள் இடைவிட்டு மீண்டும் செய்தால் வலி வெகுவாகக் குறைந்திருப்பதும் இயல்பு. தசை ஒரு முறை கற்றுக்கொண்டதைச் சில வாரங்களுக்காவது மறப்பதில்லை. ஆகவே, முதல் நாள் உற்சாகத்தில் பன்னிரண்டு சுற்று நமஸ்காரம் செய்து நான்கு நாள் படுப்பதைவிட, மூன்று சுற்றோடு நிறுத்தி மறுவாரம் ஐந்தாக உயர்த்துகிறவர் முன்னதாகவே கரை சேருவார்.

வந்துவிட்ட வலிக்கு என்ன செய்வது? முழுக்கப் படுத்துவிடுவது உசிதமன்று. மெல்ல நடப்பதும், சிரமமில்லாத ஆசனங்களை லேசாகச் செய்வதும் அப்போதைக்கு நோவைத் தணிக்கும். இறுக்கி இழுத்து நீட்டினால் வலி வராமலே தடுத்துவிடலாம் என்ற நம்பிக்கைக்கு ஆராய்ச்சிகள் ஆதரவு தரவில்லை. நம் வீடுகளில் வழிவழியாக வரும் எண்ணெய்க் குளியலை இங்கே மரியாதையோடு நினைக்கவேண்டும். நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கி, சதையின் போக்கிலேயே நிதானமாகத் தேய்த்து, அரை மணி நேரம் பொறுத்து வெந்நீரில் குளித்தால், சிதைந்த இழைகள் அதனால் சட்டென்று கூடிவிடுவதில்லை என்றாலும், நோவு தணிந்து, விறைப்பு இளகி, அன்றிரவு நல்ல தூக்கம் வருகிறது. தூக்கமோ செப்பனிடும் வேலைக்கு உற்ற துணை. உப்பை வறுத்துத் துணியில் முடிந்து கொடுக்கும் ஒத்தடமும் இவ்வகையைச் சேர்ந்ததே. ஆனால் சுளுக்கோ கிழிசலோ ஏற்பட்டு வீங்கியிருக்கும் இடத்தில் முதல் இரண்டு நாட்களுக்குச் சூடும் கூடாது, தேய்ப்பும் கூடாது.

இனி, விறைப்பு. "என் உடம்பு வளையவே வளையாது" என்று சொல்கிறவர், தம் சதை பிறவியிலேயே குட்டையாகிவிட்டது என்று எண்ணுகிறார். உண்மை வேறு. ஒவ்வொரு தசைக்குள்ளும் அதன் நீளத்தையும், அது நீளும் வேகத்தையும் இடையறாது அளந்து தண்டுவடத்துக்குத் தெரிவிக்கும் நுண்ணிய உறுப்புகள் இருக்கின்றன. திடீரென்று இழுத்தால், மூளையின் உத்தரவுக்குக் காத்திராமல் தண்டுவடமே அத்தசையைச் சுருங்கச் செய்துவிடுகிறது. இந்த அனிச்சைச் செயலை லிடெல் என்பவருடன் சேர்ந்து 1924-இல் விவரித்தவர், பின்னர் 1932-இல் நோபல் பரிசு பெற்ற ஆங்கிலேய அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன். ஆகவே, குலுக்கிக் குலுக்கிக் குனிகிறவரும், பிறர் முதுகில் கைவைத்து அழுத்தக் குனிகிறவரும், வாயிற்காவலனோடு மல்லுக்கு நிற்கிறவரைப் போன்றவர்கள். எவ்வளவு தள்ளுகிறார்களோ அவ்வளவு கதவு இறுகுகிறது. மெதுவாக நுழைந்து, ஓரிடத்தில் நின்று, நீண்ட சுவாசத்தை வெளியே விடுகிறவருக்கோ அந்தக் காவல் தளர்கிறது. மேலும், முதல் சில வாரங்களில் நமக்குக் கிடைக்கும் வளைவு பெரும்பாலும் தசை நீண்டதால் வந்ததன்று. அந்த அளவு இழுப்பை ஆபத்தில்லை என்று நரம்பு மண்டலம் சகித்துக்கொள்ளப் பழகியதால் வந்தது. சகிப்பைப் பலாத்காரத்தால் வரவழைக்க முடியாது.

பச்சிமோத்தானாசனத்தையே எடுத்துக்கொள்வோம். நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்து வேலை செய்யும் ஒருவர் தரையில் கால்களை நீட்டி உட்கார்ந்தவுடனே, அவர் குனியத் தொடங்கும் முன்பே, இடுப்பு பின்னோக்கிச் சரிந்து கீழ்முதுகு கூன்விழுவதைக் காணலாம். பின்தொடைச் சதை, நாம் உட்காரும் எலும்பிலிருந்து புறப்பட்டு முழங்காலுக்குக் கீழே போய்ச் சேர்வது. அது இறுகியிருந்தால் கால் நீட்டியவுடன் இடுப்பைப் பின்னால் இழுத்துவிடுகிறது. அந்த நிலையில் கால்விரலைத் தொட்டே தீருவது என்று அவர் எட்டினால் வளைவது தொடைப் பொருத்தன்று, முதுகு. கம்பளியை நான்காக மடித்து அதன் விளிம்பில் அவரை உட்காரவைத்து, முழங்கால்களைச் சிறிது மடக்கச் சொல்லி, உள்ளங்காலைச் சுற்றி ஒரு துண்டைப் போட்டு அதன் இரு முனைகளையும் பிடித்துக்கொள்ளச் செய்யுங்கள். இப்போது இடுப்பு நிமிர்கிறது. அடிவயிறு தொடையை நோக்கி வருகிறது. பின்தொடையின் நடுச்சதையில் ஓர் இதமான இழுப்பு தெரிகிறது. மூச்சை உள்ளே வாங்கும்போது முதுகை நீட்டி, வெளியே விடும்போது ஒரு விரற்கடை முன்னே சென்று, ஐந்தாறு சுவாசங்கள் அங்கேயே இருக்கட்டும். தலை முழங்காலைத் தொடவில்லையே என்ற கவலை வேண்டாம். ஆசனம் அப்போதே நிறைவேறிவிட்டது.

காலையில் எழுந்தவுடன் குனிவது எல்லோருக்கும் கடினம். இரவில் படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கிடையே உள்ள வட்டுகள் நீரை உறிஞ்சிப் பருத்துவிடுவதால், காலையில் நாம் ஒன்று இரண்டு சென்டிமீட்டர் உயரமாகவே எழுந்திருக்கிறோம். பருத்த வட்டுக்குக் குனிவினால் வரும் அழுத்தமும் அதிகம். விடியற்காலையில் பழகுகிறவர்கள் சற்று நடமாடி, கைகால்களைச் சுழற்றி, உடல் சூடேறிய பிறகு முன்வளைவுகளுக்குப் போவது நலம்.

விறைப்பிலிருந்தும் காயத்திலிருந்தும் தேர்ந்தவர்களுக்கும் விலக்கில்லை. யோக ஆசிரியர் பி. கே. எஸ். அய்யங்கார் 1918-இல் பெல்லூரில் பிறந்து, இளமையில் நோய்களால் நலிந்து, விறைத்த சரீரத்தோடு மைசூரில் யோக குரு கிருஷ்ணமாச்சாரியாரிடம் வந்து சேர்ந்தவர். அங்கே மாணவராயிருந்தபோது, விருந்தினர் முன்னிலையில் அதற்கு முன் பழகியிராத அனுமானாசனத்தைச் செய்துகாட்ட நேர்ந்து, பின்தொடை கிழிந்து நெடுங்காலம் அவதிப்பட்டதை அவரே சொல்லியிருக்கிறார். மரக்கட்டை, வார், திண்டு, நாற்காலி முதலிய உபகரணங்களைக் கொண்டு, வளையாதவரும் நோயாளியும்கூட ஆசனத்தின் பயனைப் பெற வழிசெய்தவர் அவரே. கிருஷ்ணமாச்சாரியாரும் பிற்காலத்தில் சென்னைக்கு வந்து குடியேறி, ஒவ்வொருவரின் வயதுக்கும் வலிமைக்கும் ஏற்றபடி, அவரவர் சுவாசத்தை அளவுகோலாக வைத்துத் தனித்தனியே பாடம் சொன்னார். அந்த முறையைத்தான் அவர் புதல்வர் தேசிகாச்சார் 1976-இல் சென்னையில் நிறுவிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம் பின்பற்றி வருகிறது. ஆட்களுக்கு ஏற்ப ஆசனத்தை மாற்றுவது பலவீனர்களுக்கான சலுகையன்று, அதுவே முறை.

பொறுக்கக் கூடாத வலிகளைச் சொல்லியாகவேண்டும். சதையின் நடுவில் பரவலாக, மந்தமாக, இரு பக்கமும் ஏறக்குறைய சமமாக நோவது பொதுவாகத் தீங்கற்றது. மூட்டிலோ, சதை எலும்போடு சேரும் இடத்திலோ, விரலால் சுட்டிக்காட்டத் தக்க ஒரே புள்ளியில் சுருக்கென்று வலிப்பது எச்சரிக்கை. நெடுநாள் பழகுகிறவர்களுக்கு உட்காரும் எலும்பின் மேல் வலி தோன்றி, கெட்டியான நாற்காலியில் உட்கார்ந்தால் அதிகப்படுவதுண்டு. அது இறுக்கமன்று, தசைநாண் நைந்திருப்பது. இன்னும் நீட்டினால் தீரும் என்று முன்வளைவுகளை மிகுதிப்படுத்துவது அதை முற்றச் செய்யும். பத்மாசனத்தில் முழங்கால் வலித்தால் அந்தக் க்ஷணமே காலைப் பிரித்துவிடவேண்டும். தொடைப் பொருத்து திரும்ப மறுக்கும் அளவையெல்லாம் முழங்கால் சுமக்கிறது என்பதே அதன் பொருள். கையிலோ காலிலோ மரத்துப்போதலும் மின்சாரம் பாய்வதுபோன்ற சுரீர் வலியும் நரம்பின் முறையீடு. கடும் பயிற்சிக்குப் பின் சதை பெரிதும் வீங்கி, சிறுநீர் காப்பி நிறத்தில் போகுமானால், தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று அஞ்சி உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். இது அபூர்வம், ஆனால் தாமதத்துக்கு இடமில்லாதது.

ஆசனம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவரின் முதுகில் கைவைத்து அழுத்துவதை விட்டுவிடுங்கள். அவர் சரீரத்தின் எல்லை அவருடைய நரம்புகளுக்குத் தெரியும், உங்கள் கைக்குத் தெரியாது. இரண்டாம் நாள் வகுப்புக்கு வருகிறவரிடம் எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். அவர் காட்டும் இடம் சதையின் நடுவா, மூட்டா என்று பார்த்த பிறகே அன்றைய பாடத்தைத் தொடங்குங்கள்.