காலம் கடக்கும் பிள்ளைகளும் வீட்டு வேதபாடமும்

அறிவியல் புனைவு, அதாவது இயந்திரம், விண்வெளி, காலப்பயணம் போன்ற கற்பனைகளின் மீது கட்டப்படும் கதை, கிறிஸ்தவ அசைவூட்டத் தொடராக வடிவம் பெற்றதற்கு நன்கு அறியப்பட்ட சான்று ‘சூப்பர்புக்’ ஆகும். அமெரிக்காவின் கிறிஸ்டியன் புரோட்காஸ்டிங் நெட்வொர்க்குக்காக, ஜப்பானின் தட்சுனோகோ நிறுவனம் 1981இல் இதனைத் தயாரித்தது. பந்தயக் கார்க் கதைகளாலும் வீரசாகசத் தொடர்களாலும் பெயர்பெற்றிருந்த அந்நிறுவனம் சமய நிறுவனமன்று. 2011 முதல் கணினி வரைகலையில் புதிதாக எடுக்கப்பட்ட இத்தொடர் தமிழிலும் குரலேற்றம் பெற்றிருப்பதால், கொழுந்து பறிக்கப்போன தாய் மாலையில் திரும்பும்வரை கைப்பேசியே துணையாக இருக்கும் இலங்கையின் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்கும் அது எட்டும் தொலைவில் இருக்கிறது.

கிறிஸ், ஜோய் என்னும் இரு பிள்ளைகளையும் கிஸ்மோ என்னும் ரோபோவையும் ஓர் அதிசய நூல் விவிலியக் காலத்துக்கு இழுத்துச் செல்கிறது. அங்கு கண்டதைக் கொண்டு அவர்கள் தம் வீட்டு, பள்ளிக்கூடச் சிக்கலைத் தீர்க்கின்றனர். வரலாற்றின் போக்கை அவர்கள் மாற்றுவதில்லை என்பதால், காலப்பயணம் என்ற உத்தி விசுவாசத்துக்கு இடறலாக அமைவதில்லை. இடறக்கூடிய இடம் வேறு.

2011ஆம் ஆண்டுத் தொடரின் முதல் அத்தியாயம், விண்ணகத்தில் லூசிபர் செய்யும் கலகத்தோடு தொடங்கி ஏதேன் தோட்டத்துக்கு வருகிறது. ஆனால் தொடக்கநூலின் படைப்புக் கதையில் அத்தகைய போர் எதுவும் இல்லை. லூசிபரின் கதையோடு இணைக்கப்படும் பகுதிகளில் எசாயா 14ஆம் அதிகாரம் பாபிலோன் மன்னனையும், எசேக்கியேல் 28ஆம் அதிகாரம் தீர் நகரத்து மன்னனையும் நோக்கிப் பேசுகின்றன. மிக்கேலும் அரக்கப்பாம்பும் பொருதுவது திருவெளிப்பாட்டின் 12ஆம் அதிகாரத்தில்தான். இவற்றை ஒன்றாகச் சேர்த்து வாசித்தது பிற்காலத் திருச்சபை மரபு. அம்மரபு தவறு என்று சொல்வதற்கில்லை என்றாலும், மறைநூலில் உள்ளதையும் மரபு சேர்த்ததையும் திரைக்கதை ஆசிரியர் புனைந்ததையும் ஒரே நிறத்தில், ஒரே உறுதியோடு திரை காட்டும்போது, எட்டு வயதுப் பிள்ளையால் அவற்றைப் பிரித்தறிய இயலாது.

எலியா பாகாலின் இறைவாக்கினரோடு மோதும் அத்தியாயம் ஹந்தானையில் இன்னும் கவனமாகப் பார்க்கப்பட வேண்டியது. கொழும்பின் வசதியான ஒரு வீட்டில் அது பழங்கதையாகவே நின்றுவிடலாம். ஆனால் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் ஒரு முனையில் மாரியம்மன் கோவிலும், கூப்பிடு தூரத்தில் விகாரையும் இருக்கும் இடத்தில், பக்கத்து வீட்டுத் தோழியின் வழிபாட்டையே பிள்ளை பாகாலோடு பொருத்திவிடக்கூடும். ஆகாபு அரசனுக்கும் இஸ்ரயேலின் உடன்படிக்கைக்கும் இடையிலான சிக்கலே அக்கதை என்பதையும், அயலாரின் தெய்வத்தைப் பழிக்க அது உரிமை தருவதில்லை என்பதையும் தொடர் விளக்காது. வீட்டார்தான் விளக்க வேண்டும்.

கத்தோலிக்கருக்கு வேறொரு சிக்கலும் உண்டு. இயேசுவைத் தனிப்பட்ட முறையில் ஏற்றுக்கொள்ளும் மன்றாட்டை முன்வைக்கும் இத்தொடரின் சாய்வு நற்செய்திச் சபைகளின் சாய்வாகும். குழந்தைப் பருவத்திலேயே திருமுழுக்குப் பெற்ற பிள்ளை, தான் இன்னும் கிறிஸ்தவராகவில்லையோ என்று குழம்பலாம். தீங்கான காட்சிகள் வீட்டுக்குள் நுழையாதபடி காப்பது பெற்றோரின் கடமை என்று 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஆணையில் கூறியது, சமய முத்திரை பெற்ற காட்சிகளுக்கும் பொருந்தும்.

மறுபுறம், சமய முத்திரை இல்லாத ‘பென் 10’ போன்ற தொடரை, குவென் என்னும் சிறுமி மந்திரம் ஓதுகிறாள் என்ற ஒரே காரணத்துக்காக ஒதுக்குவது அவசரத் தீர்ப்பு. பேரப்பிள்ளைகளின் தவறுகளைப் பொறுமையோடு திருத்தும் தாத்தாவும் அதில் இருக்கிறார்.

‘சூப்பர்புக்’ கிறிஸ்தவ வீட்டில் பார்க்கத்தக்க தொடரே. ஆனால் பிள்ளையை அதனிடம் ஒப்படைத்துவிட்டு எழுந்துபோவதற்கு உரியதன்று. முதல் அத்தியாயத்தைப் போடுவதற்கு முன், தொடக்கநூலின் முதல் மூன்று அதிகாரங்களைப் பெற்றோர் பிள்ளையோடு சேர்ந்து வாசித்துவிடுவது நல்லது.