72 தமிழ்க் குறியும் பாஸ், ரூபாய் மட்டும் ஃபெயில்

இந்த எபிசோட் முழுக்க ஒரே ஒரு வேலையைப் பத்திதான். பிட்களை நேரடியா வெட்டி, நகர்த்தி, ஒட்டுற கோடுக்கு இன்னொருத்தர் எழுதின டெஸ்ட் கேஸ்களை எப்படி ரிவ்யூ பண்ணுறது? கவனிங்க, கோடை இல்ல, டெஸ்ட்டை. உதாரணத்துக்கு எங்க ஊர்ப் பேரையே எடுத்துக்குறேன்: தர்மபுரி மாவட்டம், கடத்தூர்.

நம்ம கணக்குல கடத்தூர் 5 எழுத்து. க, ட, த், தூ, ர். யூனிகோட் கணக்குல 8 குறி, ஏன்னா அங்க புள்ளிக்குத் தனி எண், துணையெழுத்துக்குத் தனி எண். மெமரியில யூடிஎஃப்-8 முறைப்படி சேமிச்சா 24 பைட், அதாவது ஒரு குறிக்கு 3 பைட்.

க-வோட யூனிகோட் எண் 2965. அதை 16 பிட்டா எழுதி 4, 6, 6னு மூணு துண்டா வெட்டினா 0000, 101110, 010101. முதல் துண்டுக்கு முன்னாடி 1110னு ஒரு அடையாளம், மத்த ரெண்டுக்கும் முன்னாடி 10. சேர்த்தா 11100000, 10101110, 10010101. சாதாரண எண்ணில் 224, 174, 149. இதைத் திரும்பப் படிக்கிற டீகோடர் அந்த அடையாளங்களை மாஸ்க் போட்டு நீக்கணும். அப்புறம் முதல் துண்டை இடப்பக்கமா 12 இடம், ரெண்டாவதை 6 இடம் தள்ளி, மூணையும் சேர்க்கணும். மொத்தக் கதையும் இவ்வளவுதான், மூணு நாலு வரி கோடு.

இதுக்கு டெஸ்ட் எழுதினவர் ரொம்பப் பொறுப்பானவர்னு வைங்க. யூனிகோடோட தமிழ்த் தொகுதியில இருக்கிற 72 குறியையும் ஒண்ணுவிடாம போட்டிருக்கார். எல்லாமே பச்சை. கவரேஜ் டூல் 100 சதவீதம்னு காட்டுது. என்கிட்ட ரிவ்யூவுக்கு வந்தா நான் அதை ஏத்துக்க மாட்டேன்.

காரணம் இதுதான். இந்தத் தொகுதியோட எண்கள் எல்லாம் 2944க்கும் 3071க்கும் நடுவுல இருக்கு. அதனால மேல இருக்கிற 4 பிட் எப்பவும் 0000, முதல் பைட் எப்பவும் 224. பூஜ்யத்தை 12 இடம் தள்ளினாலும் பூஜ்யம், தப்பா 10 இடம் தள்ளினாலும் பூஜ்யம். அந்த வரியையே அழிச்சுட்டாலும் 72 டெஸ்ட்டும் பாஸ் ஆகும்! வரி ஓடுச்சுன்னு மட்டும்தான் கவரேஜ் டூலுக்குத் தெரியும். சரியா ஓடுச்சான்னு அதுக்குத் தெரியாது.

இப்ப ரூபாய்க்கு வருவோம். ஆடியோல கேட்குறவங்க முடிஞ்சா இந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்க. தமிழ்த் தொகுதிக்குள்ளயே பழைய ரூபாய்க் குறி ஒண்ணு இருக்கு: ௹. அதோட பைட் 224, 175, 185. இன்னொண்ணு நாம தினமும் பார்க்குற ₹. உதயகுமார் வடிவமைச்சு, 2010 ஜூலையில மத்திய அரசு ஏத்துக்கிட்டது. அதே வருஷம் அக்டோபர்ல யூனிகோட் 6.0ல சேர்ந்தது. அதோட பைட் 226, 130, 185. 226ல கடைசி 4 பிட் 0010. பூஜ்யம் இல்ல!

அந்த வரி இல்லாத டீகோடர் ௹-வைச் சரியா படிக்கும். ₹-ஐப் படிச்சா 8377க்குப் பதிலா 185 வரும். யூனிகோட்ல 185 எதுன்னா, மேல சின்னதா எழுதுற ஒண்ணு: ¹. அதாவது ₹500 போய் ¹500 ஆகுது. கேள்விக்குறியோ கட்டமோ வந்தா யாராவது கண்டுபிடிப்பாங்க. இது எண் மாதிரியே நிக்குது. இதோட முடியல. தேடல் வசதிக்காக ¹-ஐ சாதாரண 1-ஆ மாத்துற ஒரு முறை யூனிகோட்லயே இருக்கு. அது வழியா போனா 500 ரூபாய் 1500 ஆயிடும்.

அதனால ரிவ்யூல நான் முதல்ல செய்யுறது, கோடை வேணும்னே கெடுக்குறது. 12-ஐ 11 ஆக்குவேன், ஒரு மாஸ்க்கை எடுப்பேன், ஒரு வரியை அழிப்பேன். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு டெஸ்ட் சிவப்பாகணும். ஆகலைன்னா அங்க ஓட்டை. இங்க ஓட்டையை அடைக்க 4096, 8192, 16384, 32768னு நாலு எண் கேட்பேன். ஒவ்வொண்ணுலயும் ஒரே ஒரு பிட்தான் எரியும். (4096 பர்மிய மொழியோட க. நல்ல பொருத்தம்!)

அடுத்தது வெட்டுற டெஸ்ட். பேருக்கு 20 பைட்தான் இடம்னு ஒரு டேட்டாபேஸ் சொல்லுது. கடத்தூர்ல 18 பைட் வரைக்கும் "கடத்தூ" வந்துடும். மிச்சம் 224, 174னு பாதி ர தொங்கும். பைட் 10ல தொடங்குதான்னு பார்த்துப் பின்னாடி வர்ற கோடு அதைச் சுத்தமா நீக்கிடும். ஆனா இடம் 21 பைட்னா? "கடத்தூர"ன்னு வரும். பிட் கணக்குல எந்தத் தப்பும் இல்ல, ஆனா புள்ளியைக் காணோம். 20, 21 ரெண்டுக்கும் டெஸ்ட் வேணும். ரெண்டாவதுக்கு எந்த விடை சரின்னு டெஸ்ட் எழுதுறவர் முதல்ல முடிவு பண்ணணும்.

தப்பான பைட்களைக் கொடுத்து, டீகோடர் மறுக்குதான்னு பார்க்குற டெஸ்ட்டும் கட்டாயம். 192, 175னு ரெண்டு பைட்டை அசட்டையா டீகோட் பண்ணினா 47 வரும், அதாவது சாய்கோடு. சாய்கோட்டை ஒரே பைட்ல எழுதணும்ங்கிறது விதி. மைக்ரோசாஃப்டோட ஐஐஎஸ் சர்வர் இதை ஏமாந்து ஏத்துக்கிட்டது, 2000ல வெளிய தெரிஞ்சது. 2001ல பரவின நிம்டா புழு உள்ள நுழைஞ்ச வழிகள்ல ஐஐஎஸ்ஸோட இந்த மாதிரி ஓட்டைகளும் உண்டு.

கடைசியா ஒரு முந்திரி. சாப்பிடுறது இல்ல, 320ல் 1 பங்கைக் குறிக்கிற பழைய தமிழ்ப் பின்னக் குறி. 2019ல யூனிகோட் 12.0 தந்த தமிழ்த் துணைத் தொகுதியில இருக்கு, எண் 73664, பைட் 240, 145, 191, 128. விடையை 16 பிட் மாறியில வச்சிருந்தா 65536 காணாமப் போய் 8128 மிஞ்சும். அது கிரேக்க மொழியோட ஒரு அழுத்தக் குறி. தமிழுக்கு 3 பைட் போதும்னு யாராவது டெஸ்ட்ல கமென்ட் எழுதியிருந்தா, அதுக்குக் கீழ இந்த முந்திரியைப் போட்டு அனுப்புங்க.