நாணம் மட்டுமா தடை? கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையும் நம் பெண்களும்

கருப்பைவாய்ப் புற்றுநோயை முன்னரே கண்டறியும் பரிசோதனைக்கு நம் பெண்கள் ஏன் வருவதில்லை என்று வினவினால், 'வெட்கப்படுகிறார்கள்' என்னும் ஒற்றை விடையே எங்கும் கிடைக்கிறது. முகாம் நடத்தும் மருத்துவர்களும் அதையே கூறுகின்றனர். வீட்டு ஆண்களும் அதையே கூறுகின்றனர். நம் சமுதாயத்திலோ, நாணம் ஈமானைச் சேர்ந்தது என்னும் நபிமொழிக் கருத்தும் இவ்விடைக்குத் துணையாக வந்து நின்றுவிடுவதால் அதற்கு மேல் பேச்சு வளர்வதில்லை. இவ்விடை எந்த அளவுக்கு உண்மை என்பதை ஆராய்வது நம் கடமையாகும்.

நோயைப் பற்றி முதலில் சில சொற்கள். 2022ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் அவ்வாண்டு 1,27,000க்கும் மேற்பட்ட பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டது; ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். மனிதப் பாப்பிலோமா வைரஸ் என்னும் கிருமியே இதன் காரணம். இந்த உறவை வெளிப்படுத்திய ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சுர் ஹௌசனுக்கு 2008இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. கிருமி தொற்றியவர்களுள் மிகப் பெரும்பாலோரின் உடல் அதனைத் தானே அகற்றிவிடுகிறது. தங்கிவிடும் சிலரிடத்தில் அது புற்றாக முற்றுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் செல்லும். இந்த நீண்ட அவகாசம் வேறு பல புற்றுநோய்களில் மனிதனுக்குக் கிடைப்பதில்லை.

பரிசோதனையும் எளிது. வினிகரின் செறிவையொத்த நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பைவாயில் பஞ்சால் தடவி ஒரு நிமிடம் காத்திருந்தால், மாறுதலுற்ற இடம் வெண்மையாகத் தோன்றும். பயிற்சி பெற்ற செவிலியரே இதனைச் செய்யலாம். புற்றுக்கு முந்தைய நிலையில் கண்டுவிட்டால், அவ்விடத்தைக் குளிரூட்டி அழிக்கும் சிறு சிகிச்சையே பெரும்பாலும் போதுமானது. மயக்க மருந்தும் வேண்டியதில்லை.

இவ்வளவு எளிதாயிருந்தும் வந்தவர் எத்தனை பேர்? 2019-21இல் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களுள் வாழ்நாளில் ஒருமுறையேனும் இப்பரிசோதனை செய்துகொண்டோர் நாடு முழுவதிலும் 1.9 விழுக்காட்டினர். தமிழகத்தில் 9.8 விழுக்காடு. 2007இல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் சோதனை முயற்சியாகத் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் விரிவாக்கப்பட்ட அரசுத் திட்டத்துக்கு இதில் பங்குண்டு. ஆயினும் பத்தில் ஒருவர்கூட வரவில்லை என்பதே நிலை.

இனி, இதே தமிழகத்தின் மற்றொரு கணக்கைப் பார்ப்போம். திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ மருத்துவ நிலையமொன்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமையுடன் இணைந்து 2000ஆம் ஆண்டில் ஒரு பேராய்வைத் தொடங்கியது. 30 முதல் 59 வயதுக்குட்பட்ட 49,311 பெண்கள் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டனர். வந்தவர் 31,343 பேர், அதாவது 63.6 விழுக்காட்டினர். 2007இல் 'லான்செட்' இதழில் வெளிவந்த முடிவுகளின்படி, அழைக்கப்படாத பகுதிகளை விட அழைக்கப்பட்ட பகுதிகளில் இந்நோய் 25 விழுக்காடும், இதனால் நேரும் மரணம் 35 விழுக்காடும் குறைந்திருந்தன.

ஆய்வுக் களத்தின் கணக்கையும் பொது மக்கட்கணக்கையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது என்பதை நாம் அறிவோம். எனினும் இதே மொழி பேசும், இதே அளவு நாணம் உடைய நாட்டுப்புறப் பெண்கள்தாம் அங்கே மூவரில் இருவர் என்னும் அளவுக்கு வந்தனர். திண்டுக்கல் பெண்களுக்கு வெட்கம் குறைவு என்று எவரும் சொல்லத் துணியார். ஆகவே வேறுபாடு பெண்களின் மனத்தில் இருந்ததன்று, அழைப்பில் இருந்தது. அங்கே நலப்பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று நேரில் விளக்கி அழைத்தனர். பரிசோதித்தவர்கள் செவிலியர்கள். கட்டணம் இல்லை. ஐயம் தோன்றினால் அடுத்த கட்டப் பார்வையும், இயன்றவிடத்துச் சிகிச்சையும் அதே அமர்வில் முடிந்தன.

வராதவர்கள் யாவர் என்பதும் கவனிக்கத்தக்கது. திண்டுக்கல்லிலும், மகாராஷ்டிரத்தின் பார்சி வட்டாரத்தில் நடந்த இதுபோன்ற ஆய்விலும், முப்பதுகளில் உள்ளோரும் சிறிதேனும் பள்ளி சென்றோரும் கணவருடன் வாழ்வோரும் கூடுதலாக வந்தனர். வயது முதிர்ந்தோர், எழுத்தறியாதோர், கைம்பெண்கள் ஆகியோர் பின்தங்கினர். 'நமக்கு இனி என்ன இருக்கிறது' என்று தம் உடலைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்ட மூதாட்டியரே நோய் முற்றிய நிலையில் மருத்துவமனையை அடைகின்றனர் என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

நம் பக்கத்து நிலைமையோடு இதனைப் பொருத்திப் பார்க்கலாம். திண்டிவனத்துக்கு வடக்கே உள்ள ஒலக்கூர் வட்டாரத்தில் ஒரு பெண் மணிலா பறிக்கும் பருவத்தில் ஒரு நாளை ஒதுக்கினால் அன்றைய கூலி போயிற்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஐயம் எழுந்து மேல் பார்வைக்கு அனுப்பினால் திண்டிவனம் அரசு மருத்துவமனை. அதற்கும் மேல் என்றால் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி, அல்லது புதுவை ஜிப்மர். துணைக்கு வரும் ஆணுக்கும் கூலி போகும். எங்கு போகிறோம் என்று அக்கம்பக்கத்தாருக்கும் ஏதேனும் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் சிலர் உதிர்ந்துவிடுகின்றனர். இத்தனை வசதியுடன் நடந்த திண்டுக்கல் ஆய்விலேயே, புற்றுக்கு முந்தைய மாறுதல் கண்ட 1,874 பேருள் சிகிச்சை பெற்றவர் 72 விழுக்காட்டினரே. 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீட்டு வாசலிலேயே பார்க்கிறது. செவிலியரின் பரிசோதனைக்கோ பெண்தான் வீட்டைவிட்டுப் புறப்பட வேண்டும்.

இனி ஷரீஅத்தின் பக்கம் வருவோம். அவ்ரத்தை மறைத்தல் கடமை. சிகிச்சைத் தேவைக்காக அத்தேவையின் அளவுக்கு விலக்குதல் அனுமதிக்கப்பட்டது. ஃபிக்ஹு நூல்களைப் புரட்டிய மாணவர் எவரும் இதனை அறிவர். 1993இல் புருனையின் தலைநகரில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியின் எட்டாவது அமர்வு இதற்கு ஒரு வரிசையையும் வகுத்துரைத்தது. முதலில் முஸ்லிம் பெண் மருத்துவர்; அவர் இல்லையெனில் நம்பத்தக்க முஸ்லிமல்லாத பெண் மருத்துவர்; அவரும் இல்லாதபோது முஸ்லிம் ஆண்; அதன்பின் பிறர். செவிலியர் செய்யும் இப்பரிசோதனையில் பெண்ணைப் பெண்ணே பார்ப்பதால், நம் ஊர்களில் இவ்வரிசையின் முதலிரண்டு படிகளுக்குக் கீழே இறங்க வேண்டிய தேவையே அரிதாகத்தான் எழும். பார்ப்பவர் ஆணா பெண்ணா என்பதை முன்கூட்டியே தெளிவாக அறிவிக்காத முகாம்களே வீண் அச்சத்தை வளர்க்கின்றன என்பது நம் கருத்து.

அன்சாரிப் பெண்களைப் பற்றி அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்துரைத்த செய்தி நாம் அறிந்ததே. மார்க்கத்தைக் கற்பதற்கு நாணம் அவர்களுக்குத் தடையாகவில்லை என்பது அப்புகழ்ச்சியின் சாரம். அவர்களிடம் நாணம் இல்லை என்று அன்னையார் கூறவில்லை.

வேறு இரண்டு கருத்துகளையும் தொட்டாக வேண்டும். கத்னா வழக்கமுள்ள சமுதாயத்துக்கு இந்நோய் வராது என்போர் உளர். இதில் ஓரளவு உண்மை உண்டு. 2002இல் வெளியான ஐந்து நாடுகளின் தரவுத் தொகுப்பொன்றில், கத்னா செய்யாத ஆண்களுள் 19.6 விழுக்காட்டினரிடமும் செய்தவருள் 5.5 விழுக்காட்டினரிடமும் இக்கிருமி காணப்பட்டது. குறைவு என்பது இல்லை என்பதாகாது, அந்த 5.5 விழுக்காட்டினருக்கும் மனைவியர் உளர். மற்றொன்று, இது உடலுறவால் தொற்றும் கிருமி என்று அறிந்தவுடன் நோயாளியின் ஒழுக்கத்தின் மீது ஐயம் கொள்ளும் கொடுமை. மணவாழ்வில் புகுந்தோருள் மிகப் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஏதேனும் ஒருகால் இது தொற்றுகிறது. பல்லாண்டுகள் அறிகுறியின்றி உறங்கியும் கிடக்கும். பரிசோதனை முடிவு எவருடைய கற்புக்கும் சாட்சியன்று. பெண்கள் மீது ஆதாரமின்றிப் பழி சுமத்துவதைப் பெரும்பாவங்களுள் ஒன்றாகக் கற்பிக்கும் நாம், இந்த ஐயத்தை வளரவிடுவது எவ்வாறு பொருந்தும்?

2021இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், கிருமியின் மரபணுவைக் கண்டறியும் சோதனையை முதன்மையாகப் பரிந்துரைத்தது. அதற்கான மாதிரியைப் பெண் தானே தனிமையில் எடுத்துக் கொடுக்கலாம் என்றும் கூறியது. நாணத்தைக் காரணம் காட்டுவோருக்கு இதைவிடப் பொருத்தமான வழி இராது. இது எங்கும் பரவலாகக் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டுமென்பதில்லை. வினிகர் முறை இன்றும் கைவசம் உள்ளது.

நம் மதரஸாக்களுக்கே உரிய ஒரு வாயில் உண்டு. அதனை நாம் பயன்படுத்தவில்லை. இஸ்திஹாளா பற்றிய பாடத்தைச் சொல்கிறோம். மாதவிடாய் நின்று ஆண்டுகள் கழிந்தபின் இரத்தம் கண்டது, தாம்பத்தியத்துக்குப் பின் கண்டது, தொழலாமா, நோன்பு என்னாகும் என்று பெண்கள் ஆலிமாக்களிடமும் இமாமின் வீட்டாரிடமும் கூசாமல் கேட்கின்றனர். மருத்துவரிடம் சொல்லத் தயங்கியது இங்கே வாய்திறக்கிறது. நாமோ, ஒவ்வொரு தொழுகைக்கும் உளூச் செய்துகொள்ளுங்கள் என்று சட்டம் கூறி அனுப்பிவிடுகிறோம். சட்டம் சரியே. ஆனால் ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) இதே வினாவுடன் வந்தபோது, இது மாதவிடாய் அன்று, ஒரு நரம்பிலிருந்து வருவது என்னும் கருத்தில் உடலைப் பற்றிய விளக்கத்தையும் சேர்த்தே நபி (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். மேற்சொன்ன இருவகை இரத்தப்போக்கும் இந்நோயின் அறிகுறிகளாக இருக்கக்கூடும். அத்தகையோர் முகாமுக்குக் காத்திராமல் நேரே மருத்துவரிடம் செல்ல வேண்டியவர்கள். ஆகவே நிஸ்வான் மதரஸாக்களில் இப்பாடம் நடத்தப்படும்போது, வயது என்ன, மாதவிடாய் நின்று எவ்வளவு காலமாயிற்று என்னும் இரண்டு வினாக்களைத் திருப்பிக் கேட்கவும், அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் பெண் செவிலியர் இருக்கும் நாளை அறிந்து சொல்லவும் மாணவியரைப் பழக்கலாம். பாடத்திட்டத்தில் ஒரு பக்கம் கூட்டினால் போதும். அதற்கு எந்த மேலிட அனுமதியும் தேவையில்லை.