கூடாரத்துக்கு வரும் விருந்தாளிகள்

நல்ல பங்களா இருக்க, வெள்ளைக்காரர்கள் ஏன் காசு கொடுத்து மலையில் கூடாரத்தில் படுக்கிறார்கள் என்று பலர் நம்மிடம் கேட்கிறார்கள். இதற்குக் 'கிளாம்பிங்' என்று பெயர். வெளியே பார்த்தால் கூடாரம்தான். உள்ளே பலகைத் தளம், மெத்தைக் கட்டில், சுடுதண்ணீர்க் குளியலறை எல்லாம் உண்டு. கண்டி மாவட்டம் மடுல்கலையில், நக்கிள்ஸ் மலையைப் பார்த்தபடி தேயிலைக்கு நடுவிலேயே இப்படிக் கூடாரங்கள் இருக்கின்றன.

வருகிறவர்கள் தேடுவது தூக்கத்தை. பட்டணத்தில் இரவிலும் வெளிச்சம், இரைச்சல். இருட்டில்தான் உடம்பில் மெலடோனின் என்ற சுரப்பு கூடும். அதுதான் தூக்கத்துக்கு உதவுவது. நடையும் பச்சையும் மனப்பாரத்தைக் குறைக்கும்.

"அதே இருட்டும் பனியும் நமக்கும்தானே இருக்கு, நமக்கு ஏன் அலுப்புத் தீரல?" என்று கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. விருந்தாளிக்கு விடிந்தால் பிரட்டு இல்லை, பீலியடியில் வரிசை இல்லை, முதுகில் கூடை இல்லை.

அவர்களைக் கவனிக்கிற வேலைக்கு நம்ம பிள்ளைகளும் போகிறார்கள். போகட்டும், நல்லதுதான். ஆனால் சேரும்போதே நியமனக் கடிதம் கேளுங்கள். வாரத்தில் லீவு எத்தனை நாள், சேவைக் கட்டணத்தில் பங்கு எவ்வளவு என்பதை அதில் எழுதி வாங்குங்கள். தற்காலிக வேலையானாலும் முதல் நாளிலிருந்தே சேமலாப நிதி உண்டு. சம்பளத்தில் 8 வீதம் கழிப்பார்கள், முதலாளி 12 வீதம் போடவேண்டும். நம்பிக்கை நிதிக்கான 3 வீதம் முழுக்க முதலாளியுடையது, அதைச் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. பிடித்தால் சம்பளச் சீட்டோடு பக்கத்துத் தொழில் அலுவலகத்துக்குப் போங்கள்.