புறம்போக்கில் நின்ற மேஸ்திரி

கடப்பாக்கத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, பிளஸ் டூ படிக்கும் அவள் மகள் கேட்டாள்: "மாமா, பைத்தான்ல ஒரு 'லோக்கல்' ஓட்டை இருந்துச்சாமே. லோக்கல்னா சின்ன ஓட்டைதானே?" அவளுடைய கணினி அறிவியல் பாடத்தில் பைத்தான் வருகிறது. கேள்வி நியாயமானது. பதில்தான் வேறு.

'லோக்கல்' என்பது ஓட்டையின் அளவு அல்ல, ஆள் நிற்கும் இடம். அவள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஆலம்பரைக் கோட்டை இடிந்து கிடக்கிறது. பிரெஞ்சுக்காரர்களிடமிருந்த அதை 1760இல் ஆங்கிலேயர்கள் பிடித்து இடித்தார்கள். அது வெளியிலிருந்து வந்த தாக்குதல். நாம் பேசுவது, திண்ணையில் படுக்க இடம் வாங்கியவன் ராத்திரியில் இரும்புப் பெட்டிச் சாவியை எடுத்துக்கொள்வதைப் பற்றி. லினக்ஸ் கணினி ஒன்றில் பல கணக்குகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை. 'ரூட்' என்ற கணக்குக்கு மட்டும் எல்லை கிடையாது. சாதாரணக் கணக்கில் இருப்பவர் அடுத்தவருடைய அதிகாரத்தையோ ரூட்டின் அதிகாரத்தையோ கைப்பற்றிக்கொள்வதுதான் இந்த வகைக் கோளாறு.

பைத்தானோடு கூடவே வரும் ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் 'மல்டிபிராசசிங்' என்றொரு பகுதி உண்டு. பெரிய வேலையைப் பல செயல்முறைகளுக்குப் பிரித்துக் கொடுக்க உதவுவது. பிரித்துக் கொடுக்கும் வழிகளில் ஒன்று 'ஃபோர்க்சர்வர்'. அதை ஒரு மேஸ்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நிரல் கேட்கும்போதெல்லாம் அவர் ஓர் ஆளை இறக்குவார். அந்த ஆள் கையில் ஒரு சீட்டு வரும். சீட்டில் உள்ளதை அவன் செய்வான். யாருடைய மேஸ்திரியோ அவருடைய அதிகாரத்தில்தான் செய்வான். ரூட் வைத்த மேஸ்திரி என்றால் ரூட்டின் அதிகாரம்.

அந்தச் சீட்டுக்குப் பைத்தானில் பெயர் 'பிக்கிள்'. ஆமாம், ஊறுகாயேதான். தரவை ஜாடியில் போட்டு மூடி, வேறோர் இடத்தில் திறந்து எடுப்பது. இந்த ஜாடிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. திறக்கும்போதே, உள்ளே யாராவது கட்டளை ஒளித்து வைத்திருந்தால் அது ஓடிவிடும். நம்பாத இடத்திலிருந்து வந்த பிக்கிளைத் திறக்காதீர்கள் என்று பைத்தானின் ஆவணமே எச்சரிக்கிறது. ஆகவே மேஸ்திரியிடம் யார் போய்ப் பேச முடியும் என்பதில்தான் மொத்தப் பாதுகாப்பும் தொங்குகிறது.

3.8 பதிப்பு வரை மேஸ்திரி உட்கார்ந்திருந்தது பட்டா நிலத்தில். அவரிடம் பேசும் வாசலான 'சாக்கெட்' ஒரு கோப்பாக வட்டில் இருந்தது. கோப்புக்கு உரிமையாளர் உண்டு, அனுமதி உண்டு. மற்ற கணக்குக்காரர் உள்ளே வர முடியாது. 2020 அக்டோபரில் வந்த 3.9, லினக்ஸில் அவரை இடம் மாற்றிவிட்டது. புதிய இடம் 'அப்ஸ்ட்ராக்ட் சாக்கெட்' என்ற, லினக்ஸுக்கே உரிய ஏற்பாடு. வட்டில் கோப்பாக இருக்காது. வேலை முடிந்ததும் தானாக மறையும், பெருக்கித் தள்ள வேண்டாம். சௌகரியம்தான். ஆனால் கோப்பே இல்லாதபோது கோப்புக்குரிய அனுமதி எங்கிருந்து வரும்? கடற்கரையோரத்து ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை: அது புறம்போக்கு. பெயர் தெரிந்த எவரும் போகலாம். பெயரும் ரகசியமில்லை, லினக்ஸின் மையமான கர்னல் காட்டும் பட்டியலில் யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம்.

மீதியை நீங்களே ஊகிக்கலாம். அதே கணினியில் இருக்கும் இன்னொருவர் தன் சீட்டோடு போய் நிற்பார். மேஸ்திரி முகம் பார்க்காமல் ஆளை இறக்குவார். பாதுகாப்பு ஓட்டைகளுக்கான பொதுப் பட்டியலில் சிவிஇ-2022-42919 என்ற எண்ணில் பதிவான இந்தக் கோளாறின் தீவிரம் பத்துக்கு 7.8.

எனக்கு உறுத்துவது வேறு. 3.8இல் பத்திரமாக ஓடிய ஒரு நிரல், ஒரு வரிகூட மாறாமல், 3.9க்கு வந்ததும் ஆபத்தானது. எழுதியவர் தப்பு செய்யவில்லை. அவர் காலடியில் இருந்த நிலத்தின் வகை மாறியது. ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் விழும் ஓட்டையின் கொடுமை இதுதான். அதை யாரும் சோதிப்பதில்லை, எல்லாரும் நம்புகிறார்கள். ஒரே ஆறுதல், அப்போது லினக்ஸில் ஃபோர்க்சர்வர் இயல்பான வழியாக இல்லை. கேட்டு வாங்கினவர்களுக்கு மட்டுமே தொல்லை.

நீங்கள் ஒருவரே பயன்படுத்தும் மடிக்கணினி என்றால் பயம் குறைவு. ஒரே சர்வரில் அறுபது மாணவர்கள் நுழையும் கல்லூரி லேப் என்றால் கதை வேறு. இணையதளம் ஓடும் சர்வரிலும் அப்படித்தான். வெளியிலிருந்து வருபவன் முதலில் பலமில்லாத ஒரு சின்னக் கணக்கைப் பிடிப்பான், பிறகு இதுபோன்ற உள்ளூர் ஓட்டையால் மேலே ஏறுவான். நிரல் 'கன்டெய்னர்' என்ற தனித் தடுப்புக்குள் ஓடுகிறது என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கன்டெய்னர் தாய்க் கணினியின் நெட்வொர்க்கையே பகிர்ந்துகொண்டால், இந்தப் புறம்போக்கும் பொதுவானதுதான்.

2022 டிசம்பரில் வந்த 3.9.16, 3.10.9 பதிப்புகள் மேஸ்திரியைப் பட்டா நிலத்துக்கே திருப்பி அழைத்துக்கொண்டன. உங்கள் சர்வரில் அதைவிடப் பழைய 3.9 அல்லது 3.10 இருந்தால் மாற்றுங்கள். ஆனால் எண்ணை மட்டும் பார்த்து முடிவுகட்டாதீர்கள். லினக்ஸ் விநியோகங்கள் பழைய எண்ணை வைத்துக்கொண்டே திருத்தத்தை மட்டும் சேர்ப்பதுண்டு. அவற்றின் பாதுகாப்பு அறிவிப்பில் இந்தச் சிவிஇ எண்ணைத் தேடிப் பாருங்கள்.

2025 அக்டோபரில் வந்த 3.14இல், லினக்ஸில் ஃபோர்க்சர்வர்தான் இயல்பான வழி. இப்போது மேஸ்திரி பட்டா நிலத்தில் உட்கார்ந்திருப்பதோடு, வருபவரிடம் அடையாளமும் கேட்கிறார்.